கல்பேனித் தீவில் கற்ற பாடம்

அல்லாஹ்வின் திருப்பெயரால்...



கொச்சியிலிருந்து புறப்பட்ட கப்பல் மறுநாள் கல்பேனித் தீவுக்கு வெளியே வந்து நின்றது. தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையைக் கடந்து பெரிய கப்பல் உள்ளே செல்ல இயலாது. பயணிகளைச் சிறு படகுகளில் இறக்கிக் கரை சேர்க்கிறார்கள். கருநீலமாக இருந்த கடல் பாறை வளையத்தைத் தாண்டியதும் சட்டென்று பச்சையாகி, பிறகு தரை தெரியும் அளவுக்குத் தெளிந்துவிடுகிறது. எம் துணைவியார் படகின் விளிம்பைப் பற்றியபடி "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதற்குமேல் சொல்ல எம்மிடமும் சொல் இல்லை.

ஷஃபான் மாத விடுமுறையில் அமைந்த பயணம் இது. லட்சத்தீவுக்கு நினைத்த நேரத்தில் எவரும் போய்விட முடியாது. அரசின் நுழைவு அனுமதி வேண்டும். கேரளத்தில் ஓதிய நாளில் எம்மோடு ஒரே பாயில் அமர்ந்து கிதாபு ஓதிய தோழர் ஒருவர் கல்பேனியைச் சேர்ந்தவர். அவருடைய அழைப்பும் ஏற்பாடும் இருந்ததால் பயணம் எளிதாயிற்று. அழகைக் காணச் சென்றோம். ஒரு பாடம் ஓதித் திரும்பினோம். அந்தப் பாடத்தைச் சொல்ல வேண்டுமானால் தீவுகளின் வரலாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

கயிற்றின் தீவுகள்

கேரளக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 200 முதல் 440 கிலோமீட்டர் தொலைவுக்குள் சிதறிக் கிடப்பவை லட்சத்தீவுகள். நிலப்பரப்பு முழுவதையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழும் தீவுகள் பத்து: கவரத்தி, அகத்தி, அமினி, கடமத், கில்தான், சேத்லாத், பித்ரா, ஆந்த்ரோத், கல்பேனி, மினிக்காய். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. அவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் முஸ்லிம்கள். நம் காயல்பட்டினம், கீழக்கரை மக்களைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள்.

பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்பிரூனி, இப்பகுதித் தீவுகளைச் சோழித் தீவுகள் என்றும் கயிற்றுத் தீவுகள் என்றும் இரு வகையாகப் பிரித்துக் குறிப்பிட்டிருக்கிறார். முன்னவை மாலத்தீவு, பின்னவை லட்சத்தீவு என்பது ஆய்வாளர் கருத்து. தென்னை நாரைத் திரித்த கயிறே தீவினரின் செல்வம். அதைக் கொண்டு மரப்பலகைகளைத் தைத்து ஓடங்கள் கட்டினார்கள். அந்த ஓடங்களில் கயிற்றை ஏற்றிச் சென்று, மங்களூரிலும் மலபார்த் துறைகளிலும் விற்று அரிசி வாங்கி வந்தார்கள்.

ஓடத்தை வழிநடத்தியவரைத் தீவில் 'மால்மி' என்பர். நம் தமிழில் 'மாலுமி' என்கிறோம். இரண்டும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தவை. முஅல்லிம் என்றால் ஆசிரியர். நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து திசை காணும் கலையை 'ரஹ்மானி' எனப்படும் கையேடுகளில் எழுதி வைத்து, தலைமுறை தலைமுறையாக அந்த மால்மிகள் கற்பித்துவந்தார்கள். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் எமக்கு, கடலோடியும் நாமும் ஒரே பெயரைச் சுமக்கிறோம் என்பது மகிழ்ச்சியாக இருந்தது. வழி காட்டுகிறவன் முதலில் தன் திசையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்போது எமக்கு உறைக்கவில்லை.

தீன் வந்த வழி

தீவினரிடையே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது: ஹிஜ்ரி 41ஆம் ஆண்டில், அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களின் வழித்தோன்றலான உபைதுல்லாஹ் என்ற பெரியார், கனவில் கிடைத்த கட்டளைப்படி ஜித்தாவில் கப்பலேறினார்கள். கப்பல் உடைந்து அமினித் தீவில் கரையொதுங்கினார்கள். அங்கே ஒரு பெண் முதலில் இஸ்லாத்தை ஏற்றார். அவருக்கு ஹமீதத் பீவி எனப் பெயரிட்டு மணந்துகொண்டார்கள். எதிர்ப்பு வலுக்கவே இருவரும் ஆந்த்ரோத் தீவுக்குச் சென்றார்கள். உபைதுல்லாஹ் அவர்களின் அடக்கத்தலம் ஆந்த்ரோத் ஜும்ஆப் பள்ளியில் உள்ளது.

இந்தக் காலக்கணக்கை உறுதிசெய்யும் சமகாலச் சான்று இல்லை என்றும், மலபாரிலிருந்து குடியேறிய மக்களிடையே அரபு வணிகர்களின் தொடர்பால் தீன் படிப்படியாகப் பரவியிருக்கும் என்றும் வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். மரபுச் செய்தியை மரபுச் செய்தியாகவும், ஆய்வை ஆய்வாகவும் மதிப்பதே முறை. ஒன்று மட்டும் ஐயத்துக்கு இடமற்றது: இங்கே தீன் வாளோடு வரவில்லை, பாய்மரத்தோடு வந்தது.

வாளோடு வந்தவர்கள் வேறு. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இத்தீவுகளைத் தாக்கினார்கள். கப்பல்களுக்குத் தேவையான கயிறு அவர்களை ஈர்த்தது. அக்காலத்து மலபார் அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தமது 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் இத்தாக்குதலையும் பதிந்திருக்கிறார்கள்.

பின்னர்த் தீவுகள் கண்ணூர் அறக்கல் குடும்பத்தின் ஆட்சிக்கு வந்தன. கேரளத்தின் ஒரே முஸ்லிம் அரச குடும்பம் அது. ஆணாயினும் பெண்ணாயினும் தாய்வழியில் மூத்தவரே அரியணை ஏறுவார். ஆண் என்றால் அலி ராஜா. பெண் என்றால் பீவி. ஆள்பவர் நம்மவரே என்றாலும் மக்களுக்கு நிம்மதி கிட்டவில்லை. கயிறு முழுவதையும் அரசின் முகவர்களுக்கே, அவர்கள் குறித்த விலைக்கே கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் அளக்கும் அரிசியைப் பெற வேண்டும் என்ற நிலை வந்தது. இதைப் பொறுக்காத அமினித் தீவினர் மங்களூருக்குச் சென்று திப்பு சுல்தானிடம் முறையிட்டார்கள். 1787இல் அமினியும் அதைச் சூழ்ந்த தீவுகளும் திப்புவின் ஆட்சிக்கு மாறின. 1799இல் அவர் ஷஹீதான பின் அத்தீவுகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின.

தெற்குத் தீவுகள் அறக்கல் வசமே தொடர்ந்தன. 1847இல் ஒரு பெரும்புயல் ஆந்த்ரோத்தையும் கல்பேனியையும் சீரழித்தது. கல்பேனியின் கிழக்குக் கரையோரம் பவளக் கற்கள் இன்றும் நீண்ட மேடாகக் குவிந்து கிடக்கின்றன. அந்தப் புயல் கொண்டுவந்து கொட்டியவை என்கிறார்கள். புயலின் அழிவை அடுத்துக் கடனும் பாக்கியும் பெருகின. 1875இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைக் கைப்பற்றினார்கள். அது முதல் 1956 நவம்பர் 1 வரை இத்தீவுகள் அனைத்தும் சென்னை மாகாணத்தின் மலபார், தென்கன்னட மாவட்டங்களில் அடங்கியிருந்தன என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். பின்னர் ஒன்றியப் பகுதியாகி, 1964இல் தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறி, 1973இல் 'லட்சத்தீவு' என்ற பெயர் பெற்றது.

இது வெள்ளி, அது திங்கள்

கல்பேனியில் இரண்டாம் நாள் அஸ்ருக்குப் பின் தோழரோடு தென்னந்தோப்பு வழியே நடந்தோம். "உஸ்தாதே, இந்தப் பக்கம் வெள்ளி, வேலிக்கு அப்பால் திங்கள்" என்றார். எமக்குப் புரியவில்லை. அவர் நின்று விளக்கினார்.

தீவில் சொத்து இரு வகை. முன்னோர் விட்டுச்சென்ற தறவாட்டுச் சொத்து 'வெள்ளிக்கிழமைச் சொத்து'. ஒருவர் தம் உழைப்பில் ஈட்டியது 'திங்கட்கிழமைச் சொத்து'. முன்னது தாய்வழியில் இறங்கும். தாய், அவளுடைய ஆண்மக்கள், பெண்மக்கள், பெண்மக்களின் பிள்ளைகள் எனத் தறவாட்டார் அனைவரும் அதன் பலனை அனுபவிக்கலாம். தனியொருவர் தம் விருப்பப்படி விற்கவோ பிறருக்கு எழுதிக்கொடுக்கவோ முடியாது. ஆணுக்கும் ஆயுள்வரை அனுபவ உரிமை உண்டு. ஆனால் அவன் பிள்ளைகளுக்கு அது செல்லாது. அவர்கள் தங்கள் தாயின் தறவாட்டைச் சேர்ந்தவர்கள். பின்னதான திங்கட்கிழமைச் சொத்து மட்டும் ஷரீஅத்தின் வாரிசுரிமைப்படி பங்கிடப்படும்.

திருமண வாழ்வும் இதற்கேற்பவே அமைந்திருந்தது. கணவன் பகலில் தன் தாய்வீட்டில் இருந்து, இரவில் மனைவியின் வீட்டுக்குச் செல்வான். தோழரின் மாமா, எழுபதைக் கடந்தவர், இன்றும் இஷாவுக்குப் பின் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு மனைவியின் வீட்டுக்குக் கிளம்புவதைக் கண்டோம். இளைய தலைமுறையில் இவ்வழக்கம் குறைந்துவருகிறது. இஸ்லாமும் தாய்வழி மரபும் இப்படி ஒரே ஊரில் இணைந்து வாழ்வதை ஆராய்ந்து, லீலா துபே என்ற மானிடவியல் அறிஞர் 1969இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர் ஆய்வு செய்த தீவும் இந்தக் கல்பேனிதான்.

அன்றிரவு எம் துணைவியார் அடுக்களையில் நடந்த உரையாடலைச் சொன்னார்கள். அவர்கள் பாதி மலையாளமும் பாதி சைகையுமாக, "மாமியார் வீடு அருகில்தானா?" என்று தோழரின் தங்கையிடம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "பிறந்த வீட்டை விட்டு நான் ஏன் போக வேண்டும்?" என்றாராம்.

நாம் ஃபராயிள் பாடம் நடத்துகிறவர். ஆகவே உடனே ஒரு கேள்வி எழுந்தது. மறுநாள் காலையில் தோழரிடம் கேட்டோம்: "எல்லாச் சொத்தையும் அல்லாஹ் விதித்தபடி பங்கிடுவதல்லவா முறை? வெள்ளிக்கிழமைச் சொத்துக்கு மட்டும் ஏன் விலக்கு?"

அவர் கோபப்படவில்லை. "எங்கள் ஆலிம்களும் இதைக் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்" என்றார். "அதனால்தான் திங்கட்கிழமைச் சொத்து வளர்ந்துகொண்டே வருகிறது. எங்களிடம் குறை உண்டு, உஸ்தாதே. ஆனால் எது வெள்ளி, எது திங்கள் என்று குழந்தைக்கும் தெரியும். மறைத்துவைப்பதில்லை. உங்கள் ஊரில் பெண்மக்களுக்குப் பங்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா?"

நாம் பதில் சொல்லவில்லை.

நீரும் ஒரு பாடம்

அன்று பகலில் கிணற்றடியில் ஒளூ செய்தபோது தோழர் வாளியில் பாதி நீர்தான் இறைத்தார். பவளத்தீவில் ஆறு இல்லை, ஏரி இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. அளவோடு எடுத்தால் ஆண்டு முழுதும் கிடைக்கும். மோட்டார் வைத்து மிகையாக இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும். பிறகு அந்தக் கிணறு எவருக்கும் பயன்படாது. பற்றாக்குறையை ஈடுகட்ட, சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் ஒன்றை அமைத்தது. அது நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் தருவது. பிறகு வேறு சில தீவுகளிலும் அத்தகைய நிலையங்கள் வந்தன. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவில் நீரை வீணாக்காதீர் என்ற நபிபோதனையை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அதன் பொருள் அந்தக் கிணற்றடியில்தான் முழுமையாக விளங்கியது.

கடலிலும் இதே அளவறிதல். இங்கு சூரை மீனைப் பெரும்பாலும் கழியும் தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். மினிக்காயில் தொன்றுதொட்டு இருந்துவந்த முறை இது. அம்மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தினால் மாசி. பவளப்பாறையோ கல் அல்ல. சிற்றுயிர்கள் கட்டியெழுப்பிய வீடு. அலையின் வேகத்தைத் தாங்கித் தீவைக் காப்பது அதுவே. கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது, 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளுத்துப் பெருமளவில் மடிந்தன. கடல்மட்டத்திலிருந்து சில மீட்டரே உயர்ந்த நிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இது செய்தித்தாளில் படித்து மறக்கும் செய்தி அன்று.

ஆகவே அங்கே செல்ல விரும்பும் குடும்பங்களுக்கு எம் வேண்டுகோள்: பவளத்தை மிதிக்காதீர், உடைத்து நினைவுப்பொருளாக எடுத்து வராதீர். நெகிழிக் குப்பையை விட்டு வராதீர். அந்தச் சிறு நிலத்தில் அதைப் போட இடமில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசிக்கொண்டிராதீர். பள்ளிவாசலுக்கும் வீடுகளுக்கும் உரிய கண்ணியத்தைப் பேணுங்கள். அங்கே நாம் விருந்தாளிகள், உரிமையாளர்கள் அல்லர்.

உண்மையில் அங்கே எவருமே முழு உரிமையாளர் அல்லர். தோப்பு தறவாட்டுடையது, இன்றிருப்பவர் அனுபவித்துவிட்டு அடுத்தவருக்கு விட்டுச் செல்கிறார். நீர் மழையுடையது, கடல் எல்லோருடையது. கையில் இருப்பது தனதல்ல, ஒப்படைக்கப்பட்டது என்ற எண்ணத்துக்கு மார்க்கம் வைத்த பெயர் அமானத். அமானத்தை அமானத்தாக வைத்தவரை தீவு வாழ்ந்தது. கயிற்றை ஆட்சியாளர்கள் தம் சொத்தாக நினைத்தபோது, மக்கள் ஓடமேறி வேறு அரசரைத் தேடிப் போனார்கள். இத்தீவுகளின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சாரம் இவ்வளவே.

நம் ஊருக்குத் திரும்பினால்

தோழரின் கேள்விக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தாய்வழி மரபின் சாயல் நம் கரையிலும் உண்டு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பெண்ணுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை பெண்வீட்டில் வாழ்வதும் பழைய வழக்கம். ஆனால் நம் ஊர்கள் பலவற்றில் வேறொரு வழக்கமும் உண்டு. தந்தை மௌத்தானதும் விடுதலைப் பத்திரம் ஒன்று தயாராகும். "உனக்குத்தான் கல்யாணத்திலேயே நகை போட்டாயிற்றே" என்பார் ஒருவர். "தம்பிமாரிடம் கணக்குப் பார்ப்பாயா?" என்பார் இன்னொருவர். சகோதரி கையெழுத்திடுவாள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சம் அந்தக் கையெழுத்தில் இருக்கும். பத்திரத்தில் மட்டும் 'மனப்பூர்வமாக' என்று எழுதியிருக்கும்.

எம் குடும்பத்திலும் அதுவே நடந்தது. தாயார் முன்பே மௌத்தாகிவிட்டார்கள். தந்தையாருக்குப் பின் வாரிசுகள் மூவர்: லாத்தா, அண்ணன், நாம். லாத்தா கையெழுத்திட்டார்கள். வீடும் நிலமும் ஆண்மக்கள் இருவருக்கும் பாதிப் பாதியாயின. ஆண்டுதோறும் கரும்பலகையில் ஃபராயிள் கணக்கு எழுதிக் கற்பிக்கும் நாம் அந்த அறையில்தான் அமர்ந்திருந்தோம். வாய் திறக்கவில்லை. லாத்தா விட்டுக்கொடுத்தார்கள் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். விருப்பத்தோடு விட்டுக்கொடுத்தால் அது ஆகும்தான். ஆனால் வெட்கத்துக்கும் பயத்துக்கும் இடையில் வாங்கியதை விட்டுக்கொடுத்தல் என்று சொல்ல முடியுமா?

கணக்கு கடினமானதன்று. இரு ஆண்மக்களும் ஒரு பெண்மகளும் இருந்தால் ஐந்து பங்கு: ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. எமக்குரியது ஐந்தில் இரண்டு. எம் கையில் இருந்ததோ பாதி. இரண்டுக்கும் இடையிலான பத்தில் ஒரு பங்கு எமதல்ல. பதினோர் ஆண்டுகள் அதை எமது என்று நினைத்து உண்டோம். வெள்ளிக்கிழமைச் சொத்தைக் குறை சொல்லக் கடல் கடந்து போனவரின் கணக்கு இது.

ஊர் திரும்பிய வாரமே லாத்தாவைப் பார்க்கச் சென்றோம். எம் கையிலிருந்த அந்தப் பங்கை அவர்கள் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னோம். முதலில் மறுத்தார்கள். "இப்போது எதற்கு தம்பி?" என்றார்கள். "எங்களுக்காக வாங்கிக்கொள்ளுங்கள் லாத்தா, நாளை மறுமையில் கேட்பார்கள்" என்றோம். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "வாப்பா போன பிறகு இந்த ஊருக்கு எனக்கென்று ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன்" என்றார்கள். பத்திரப்பதிவு முடிந்துவிட்டது. அண்ணனிடமும் பேசியிருக்கிறோம். அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். எம்மால் முடிந்தது துஆச் செய்வதும், எம் பங்கை முதலில் சரிசெய்வதும்தான்.

பெற்றோரும் உறவினரும் விட்டுச்சென்றது சிறிதோ பெரிதோ, அதில் பெண்களுக்கும் விதிக்கப்பட்ட பங்கு உண்டு என்பது அன்னிஸா அத்தியாயம் தெளிவாகச் சொல்லும் சட்டம். அதை அறியாதவர் நம்மில் குறைவு. ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் சகோதரர்கள் இன்றிரவு ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: நாம் குடியிருக்கும் வீட்டில், உழும் நிலத்தில், வாடகை வாங்கும் கடையில் நம் சகோதரியின் பங்கு கலந்திருக்கிறதா? கலந்திருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

வாய்ப்புக் கிட்டினால் குடும்பத்தோடு லட்சத்தீவுக்கும் சென்று வாருங்கள். அந்தக் கடலின் நிறத்தைப் பிள்ளைகள் பார்க்கட்டும். தோப்பில் நடக்கும்போது, எது வெள்ளி, எது திங்கள் என்று அவர்கள் கேட்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கையில் உள்ள அமானத்துகளை உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.